சாவி என்னிடம் இருந்தது

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 25 அன்று மொழிப்போர் தியாகிகள் நாள் கூட்டத்துக்கு என்னை அழைக்கிறார்கள். 1965இல் களத்தில் நின்றவர் என்று அறிமுகம் செய்து சால்வை போர்த்துகிறார்கள். நானும் பேசுகிறேன். இந்தியை எதிர்த்துத் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியைப் பற்றிச் சொல்வேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் குண்டடிபட்டுச் செத்த மாணவன் இராசேந்திரனைப் பற்றிச் சொல்வேன். நான் செய்ததை மட்டும் சொன்னதில்லை.

செய்தது இதுதான். ஹாக்கி கேப்டன் என்ற அதிகாரத்தை வைத்து, வர விருப்பமில்லாத ஒரு பையனைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் கை போயிற்று. விளையாட்டு அறையின் சாவியைப் பொய் சொல்லி வாங்கினேன். அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொன்னேன். ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். 1964 அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்தியா பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியிருந்தது. மொகிந்தர் லால் அடித்த ஒரே கோல். அந்த அணியில் சென்னைக்காரர் விக்டர் ஜான் பீட்டரும் இருந்தார். ஹாஸ்டல் ரேடியோவைச் சுற்றி நின்று அந்தச் செய்தியைக் கேட்டோம். அதற்குப் பிறகு எங்கள் கல்லூரியில் ஹாக்கி மட்டை பிடித்தவனுக்குத் தனி மரியாதை. கேப்டன் என்றால் கேட்கவே வேண்டாம். அது என் தலைக்கு ஏறியிருந்தது.

அப்போதெல்லாம் ஹாக்கியில் மாற்று ஆள் கிடையாது. பதினொரு பேரை இறக்கினால், 35 நிமிடம், 35 நிமிடமாக இரண்டு பாதியும் அவர்களேதான் ஆட வேண்டும். ஒருவன் காலை ஒடித்துக்கொண்டால் மீதிப் பத்துப் பேரோடு ஒப்பேற்ற வேண்டியதுதான். அதனால் லிஸ்டில் யார் பெயர் இருக்கிறது என்பது பெரிய விஷயம். கோல்கீப்பர், இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு. ஐந்து ஃபார்வர்டுகளைத் தேர்ந்தெடுப்பதை எங்கள் பி.டி. சார் என்னிடமே விட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் நான் எழுதி மெஸ் வாசலில் ஒட்டுவேன். பையன்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து முண்டியடித்துப் பார்ப்பார்கள். தூரத்தில் நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு லெஃப்ட் அவுட் கிடைத்திருந்தான். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இடது ஓரத்தில் ஓடுகிறவன் பந்தை நடுவுக்கு அனுப்ப வேண்டுமென்றால், ஓட்டத்திலேயே பந்தைச் சுற்றிக்கொண்டு உடம்பைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் மேலே பிடித்திருக்கும் இடது கையால் மட்டையைப் புரட்டி ரிவர்ஸில் இழுக்க வேண்டும். இவன் மணிக்கட்டைப் புரட்டுவது கண்ணுக்கே தெரியாது. எதிரே வந்த ஹாஃப் தடுமாறி நிற்கும்போது பந்து அவனுக்குப் பின்னால் போயிருக்கும். அப்படி ஒருவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பி.யு.சி. முடித்து டிகிரி முதல் வருடத்தில் சேர்ந்திருந்தான். சாத்தூர்ப் பக்கம் கரிசல் கிராமம். அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்காலர்ஷிப்பில் படித்தான். நன்றாக ஆடினால் ரயில்வேயில் எடுப்பார்கள், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் எடுப்பார்கள் என்று பி.டி. சார் அவனிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஹாக்கி பெருமை. அவனுக்கு அது சோறு. இது எனக்கு அப்போதே தெரியும்.

1965 ஜனவரி 26 இந்தி முதன்மை ஆட்சிமொழியாகும் நாள். அதற்கு முந்தின நாள் மதுரையில் ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மோதல். மாணவர்களை வெட்டிவிட்டார்கள் என்ற சேதி எங்கள் ஹாஸ்டலுக்கும் வந்தது. கல்லூரிகளை மூடினார்கள். பிப்ரவரியில் திறந்தபோது எங்கள் கோபம் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. எங்கள் கோரிக்கை நியாயமானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நியாயத்தின் பின்னால்தான் இத்தனை காலம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஓர் இரவு மெஸ்ஸில் கூட்டம். மறுநாள் ஊர்வலமாகப் போய்த் தபால் ஆபீஸ் போர்டில் இருக்கும் இந்தி எழுத்தில் தார் பூசுவது என்று முடிவாயிற்று. அவ்வளவுதான் தீர்மானம். வெறுங்கையோடு போனால் வெட்டுவான் என்று ஒருவன் சொன்னான். "மட்டை இருக்கு" என்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். தற்காப்புக்கு என்றேன். அது பாதி உண்மை. தெருவில் ஹாக்கி அணியோடு முன்னால் நடக்கும் என் உருவம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதுதான் மீதிப் பாதி.

ஒரு லிஸ்ட் எழுதினேன். ஆட்டத்துக்கு எழுதுவது போலவே, பதினொரு பெயர், அதே வரிசை. மண்டல இறுதி ஆட்டம் தள்ளிப்போய்க் காத்திருந்தது. நாளைக்கு வராதவன் பெயர் அந்த லிஸ்டிலும் இருக்காது என்று சத்தமாகச் சொன்னேன்.

லெஃப்ட் அவுட் என்னைத் தனியாகப் பார்க்க வந்தான். "அண்ணே, நான் வரலண்ணே. போலீஸ்ல பேரு பதிஞ்சா ஸ்காலர்ஷிப் போயிரும். அம்மா ஒத்தையா கெடக்கு."

"சரி. லெஃப்ட் அவுட்டுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

விளையாட்டு அறைச் சாவி மார்க்கரிடம் இருக்கும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, மட்டைகளுக்கு எண்ணெய் தடவி வைப்பது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. காலையில் பிராக்டீஸ் இருக்கிறது என்றேன். "காலேஜே ஸ்டிரைக்குங்காக, பிராக்டீஸா தம்பி?" என்று கேட்டார். "ஃபைனல் வருதுல்ல அண்ணாச்சி." வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

காலையில் மட்டைகளை எடுத்துக்கொண்டோம். கிளம்புகிற அவசரத்தில் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நான் நடுவில் நடந்தேன். அது சென்டர் ஃபார்வர்டின் இடம். எனக்கு இரண்டு பக்கமும் இன்சைடுகள், ஓரங்களில் அவுட்டுகள், பின்னால் மற்றவர்கள். அதற்குப் பின்னால் கல்லூரியே வந்தது. வரிசையை நான்தான் அப்படி அமைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

போர்டில் தார் பூசியாயிற்று. அதோடு திரும்பியிருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு கல் வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கூட்டம் வாசலை நெருக்கியது. அப்போது தபால்காரர் ஒருவர் வெளியே வந்து கதவை மறித்து நின்றார். ஹாஸ்டலுக்கு மணியார்டர் கொண்டுவருகிறவர். என் அப்பா அனுப்பும் பணத்தையும் அவர்தான் எண்ணித் தருவார். "தம்பிகளா, உள்ள ஜனங்க பணம் கெடக்குய்யா. போயிருங்க" என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை.

என் அணி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மைதானத்தில் எது நடந்தாலும் அவர்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். அது பழக்கம். நான் கையைத் தாழ்த்தியிருந்தால் போதும், நின்றிருப்பார்கள். பின்னால் இருந்த கூட்டம் நின்றிருக்குமா என்று தெரியாது. என் பையன்கள் நின்றிருப்பார்கள். நான் கையை அசைக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. இப்போது பின்வாங்கினால் கோழை என்பார்களே என்ற நினைப்பு என்னை அடைத்துவிட்டது.

ஒரு மட்டை எழும்பியது. தபால்காரரின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. மட்டை எலும்பில் படும் சத்தம் ஹாக்கி ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அவர் கதவோடு சரிந்து உட்கார்ந்தார். அடித்தவன் யாரென்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அவன் கையில் மட்டையைக் கொடுத்தவன் நான்.

போலீஸ் இடது பக்கச் சந்திலிருந்து வந்தது. இடது ஓரத்தில் நின்றவன் லெஃப்ட் அவுட். அங்கே அவனை நிறுத்தியவனும் நான்தான். நான் வலது பக்கம் ஓடினேன். முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். திரும்பிப் பார்த்தபோது அவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு இடது கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். லத்தி அந்தக் கையில் இறங்கியது. "அண்ணே" என்று கத்தினான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நிற்கவில்லை.

மணிக்கட்டு எலும்பு கோணலாகச் சேர்ந்தது. கையை முழுதாகத் திருப்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கும் பதிவானது. அவன் பயந்தபடியே ஸ்காலர்ஷிப் நின்றது. பரீட்சைக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டான்.

கல்லூரியில் விசாரணை நடந்தது. மட்டைகள் எப்படி வெளியே வந்தன என்று முதல்வர் கேட்டார். மார்க்கர் அண்ணாச்சி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். "தம்பிதான் ராத்திரி வந்து வாங்கிட்டுப் போனாக" என்று உள்ளதைச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "இல்லை சார். நாங்க போனப்போ ரூம் திறந்து கிடந்தது. சாவி பூட்டிலேயே தொங்குச்சு" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை. சாவி பூட்டில்தான் இருந்தது என்று வாட்ச்மேனும் சொன்னார். பட்டப்படிப்புப் படிக்கும் கேப்டன் சொல்வதை நம்புவார்களா, மார்க்கர் சொல்வதை நம்புவார்களா? அந்த மாதமே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் என்னைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அந்தப் பயத்துக்காக ஒரு குடும்பத்தின் சம்பளத்தை விலையாகக் கொடுத்தேன்.

இறுதி ஆட்டம் பிறகு நடந்தது. லெஃப்ட் அவுட்டாக என் அறை நண்பனைப் போட்டேன். அவனைவிட நன்றாக ஆடுகிற ஒருவன் இருந்தான். ஊர்வலத்துக்கு வராதவன். சொன்ன சொல்லில் நின்றேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். தோற்றோம்.

அந்தப் பிப்ரவரியில் திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டம் உயிரோடு எரித்தது. பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. போராட்டம் முழுக்க, அரசு சொன்ன கணக்கே எழுபது உயிர் அளவில். திருப்பூர்ச் செய்தியைக் கேட்டபோது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. நம் ஊரில் அவ்வளவு மோசமாக ஒன்றும் நடக்கவில்லையே என்ற நிம்மதி. பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதிமொழி கொடுத்தார். 1967இல் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார். ஆட்சியே மாறியது. வென்ற பக்கத்தில் நின்றவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

மார்க்கர் அண்ணாச்சி இறந்து வெகுநாளாயிற்று. சென்ற ஆண்டுதான் அவர் மகனைத் தேடிப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா சாகுற வரைக்கும் இதைத்தான் சொன்னாரு ஐயா. கேப்டன் தம்பிதான் சாவியை வாங்குச்சுன்னு. எங்கம்மாவே நம்பல. மறந்து பூட்டுலயே விட்டுட்டு, படிக்கிற பிள்ள மேல பழி போடாதீகன்னு சண்ட போடும். நானும் நம்பல."

வேலை போனது எனக்குத் தெரியும். அவர் வீட்டிலேயே அவர் சொல் செல்லாமல் போனது அன்றுதான் தெரிந்தது. பணம் கொண்டு போயிருந்தேன். அவர் தொடவில்லை. "எழுதிக் குடுங்க. எங்கம்மா இல்ல. என் தங்கச்சிக இருக்காக. அவுகளுக்குக் காட்டணும்" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்தார். தேதி போடவில்லை என்றார். போட்டேன்.

தபால்காரர் பிறகு எப்படி இருந்தார் என்று நான் விசாரிக்கவே இல்லை. அவர் பெயரும் எனக்குத் தெரியாது. மாதாமாதம் அவர் கையிலிருந்து பணம் வாங்கியவன் நான்.

லெஃப்ட் அவுட்டை ஒரே ஒரு முறை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுவதாகச் சொன்னான். "நல்லாருக்கீகளாண்ணே" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தான். கிளாஸை வலது கையில் பிடித்திருந்தான். இடது கை சட்டைப் பைக்குள் இருந்தது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. என் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அது என் பஸ் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

அவன் இப்போது இல்லை. மனைவி இருக்கிறார். முகவரி வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவின் முன்னால் போய் நிற்கப் பயமாக இருக்கிறது.