பழத்தின் எடையா, பெட்டி பிடிக்கும் இடமா?



என்னிடம் படித்து, இப்போது பெங்களூரில் லினக்ஸ் கெர்னலில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். "என்ன வேலைப்பா?" என்றேன். "பாக்கெட் பிடிக்கிற இடத்துக்குக் கணக்கு எழுதுறது சார்" என்றான். கணக்கு என்றால் விடுவேனா! மதியம் வரை உட்கார வைத்துக் கேட்டேன்.

நாம் அனுப்பும் செய்தியும் படமும் துண்டு துண்டாகத்தான் பயணிக்கின்றன. அந்தத் துண்டுதான் பாக்கெட். வந்து சேர்ந்ததைச் செயலி எடுத்துக்கொள்ளும் வரை கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் இவ்வளவு இடம்தான் என்று வரம்பு உண்டு. அந்த வரம்பை எதை வைத்து அளப்பது?

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி நிறையப் பழம் இருந்தாலும் ஒரே ஒரு கொத்து கிடந்தாலும், லாரியில் அது பிடிக்கும் இடம் ஒன்றுதான். பழத்தின் எடையை மட்டும் நோட்டில் எழுதினால், லாரி நிறைந்து வழியும்போதும் நோட்டு "இன்னும் இடம் இருக்கு" என்றுதான் சொல்லும்.

இங்கேயும் அப்படியே. ஒரே ஒரு பைட் வந்தாலும், விவரச்சீட்டு, காலி இடத்தோடு கூடிய பெட்டி என்று பல நூறு பைட் போய்விடுகிறது. அதனால் கெர்னல் இரண்டு எண் வைத்திருக்கிறது. 'லென்' என்பது சரக்கு. 'ட்ரூசைஸ்' என்பது பிடித்த இடம். வரம்பில் கழிப்பது இரண்டாவதை. வரம்பு நிறைந்தால் டிசிபி எதிர்முனையை நிறுத்தி வைக்கும். யூடிபி பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

2011 வரை அந்த ட்ரூசைஸிலேயே ஒரு பங்கு விடுபட்டிருந்ததாம். விவரச்சீட்டைவிடப் பெரிய ஒரு துணைப்பகுதியையே முழுதாக எண்ணவில்லை. எரிக் டுமாசே என்பவர் அதைச் சேர்த்தார்.

2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸின் ஜோனதன் லூனி சில ஓட்டைகளை வெளியிட்டார். அதில் ஒன்று: எதிர்முனையில் இருப்பவன் சூழ்ச்சியாக ஒப்புகைச் சீட்டுகளை அனுப்பினால், நம் கணினி கைவசம் வைத்திருக்கும் சரக்கு பொடிப்பொடியாக உடையும். பழம் அதேதான், பெட்டிதான் பெருகும். பிடித்த இடம் வரம்பின் இருமடங்கைத் தாண்டினால் உடைக்க மாட்டேன் என்று கெர்னலுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உடனே இன்னொரு சிக்கல். வேண்டுமென்றே சின்ன வரம்பு வைத்துக்கொண்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் சில தடுமாறின. திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டான். பிறகு விதியைத் தளர்த்தினார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

ஒன்று மட்டும் அவனிடம் கேட்டு, பதில் வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரே நினைவகப் பக்கத்தை நாலு பாக்கெட் பங்கு போட்டிருக்கிறது. மூன்று போய்விட்டது, ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முழுப் பக்கத்தையும் அதன் பேரில் எழுதுவதா, கால் பங்கு மட்டுமா? இந்தத் துறையில் இருக்கிற பிள்ளைகள் கீழே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கப்பா.