கரைப்பதும் காப்பதும்

இரத்தம் உறைவது உடலுக்கு இயற்கை தந்த காவல். அரிவாள் பட்ட விரல் சற்று நேரத்தில் ஆறத் தொடங்குவது அதனால்தான். அதே உறைவு காலின் ஆழ்ந்த சிரைக்குள் நேர்ந்துவிட்டால் காவலே பகையாகிறது. கட்டியில் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகக்கூடும்.

காரிமங்கலத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு இடக்கால் தொடைவரை வீங்கி நீலம் பாரித்தது. சேலத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். காலே பறிபோகலாம் என்ற நிலையில், முழங்காலின் பின்புறச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஆல்டிப்ளேஸ் என்னும் மருந்தைக் கட்டிக்குள்ளேயே சிறுகச் சிறுக விட்டார்கள்.

சங்கிலிக் கோளக் கிருமிகள் சுரக்கும் ஒரு பொருள் உறைந்த இரத்தத்தைக் கரைப்பதை டில்லெட், கார்னர் என்னும் இருவர் 1933இல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்த மருத்துவம் இது. நல்ல உறைவு, தீய உறைவு என்ற பேதம் மருந்துக்குச் சரிவரத் தெரியாது. ஆகவே மருந்து ஏறும் பொழுதெல்லாம் காவல் பொழுதே. செவிலியர் மணிக்கொரு முறை இரத்த அழுத்தம் பார்த்தார்; குழாய் நுழைந்த இடத்தில் கசிவு உண்டா என்று நோக்கினார்; பெயரையும் ஊரையும் கேட்டு நினைவு தெளிவாக உள்ளதா என்று அறிந்தார். ஆறு மணிக்கொரு முறை ஃபைப்ரினோஜன் அளவு சோதிக்கப்பட்டது. உறைவுக்கு மூலமான அப்புரதம் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மருந்தை நிறுத்துவது பல இடங்களில் வழக்கம்.

நள்ளிரவில் சிறுநீர்ப் பையில் இளஞ்சிவப்பு தென்பட்டதை முதலில் கண்டவர் பெரியம்மா. உடனே சோதித்தார்கள். அளவு 118. மருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. மறுநாள் எடுத்த சிரைப் படத்தில் கட்டியின் பெரும்பகுதி கரைந்திருந்தது, காலும் தப்பியது.

இச்சிகிச்சை எல்லோருக்கும் உரியதன்று. 692 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நாட்பட்ட கால்வீக்கமும் வலியும் இதனால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. முதல் பத்து நாட்களில் பெரும் இரத்தக்கசிவோ 0.3 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக உயர்ந்தது. பெரும்பாலோருக்கு உறைவைத் தடுக்கும் மருந்தே போதும்.

கரைக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டால், உடனிருப்போர் உறங்கலாகாது. திடீர்த் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஈறில் கசிவு, கறுத்த மலம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அக்கணமே செவிலியரை அழையுங்கள்.