பின் இறாக்கைப் புத்தகங்கள்

கல்முனைப் பக்கத்துப் புத்தகக் கடைகள் பாடசாலையை நம்பி நடப்பவை. இலங்கை அரசு 1980 முதல் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துவருவதால் பாடநூல் விற்றுப் பிழைக்க வழியில்லை. கொப்பி, பேனை, கொப்பிக்கு உறை போடும் தாள், வழிகாட்டி நூல், புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து உயர்தரம் வரையான கடந்தகால வினாத்தாள், மூலையில் ஒரு போட்டோ கொப்பி மெசின் ஆகியவையே கடையின் வருமானம். வரலாறு, ஆய்வு, வாழ்க்கை வரலாறு, இலக்கணம், கட்டுரை போன்றவை முகப்பில் இருப்பதில்லை. காசு மேசையைத் தாண்டி உள்ளே போனால் சுவரோரம் இருக்கும் பின் இறாக்கையில்தான் கிடைக்கும். அந்த இறாக்கையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் காரணமாகிறது.

நற்பிட்டிமுனை கல்முனை நகரத்துக்கு மேற்கே, தமிழரும் முஸ்லிம்களும் பக்கம் பக்கமாக வாழும் ஊர். அங்கிருந்து புத்தகம் வாங்க வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர். பேச்சுப்போட்டிக்குக் குறிப்புத் தேடும் மாணவர், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜும்ஆ உரைக்கு ஆயத்தம் செய்யும் மௌலவி, கோயில் மலருக்குக் கட்டுரை எழுதவிருக்கும் பெரியவர் என்று பலர் வருவார்கள். இவர்களில் யாருக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரிவதே இத்தொழிலின் நுட்பம். அதை எந்தப் பட்டியலிலும் எழுதிவைக்க முடியாது.

அனுபவம் பழுத்த கடைக்காரர் முதலில் புத்தகத்தை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். ஒரு மாலை நேரம் நற்பிட்டிமுனைப் பையன் ஒருவன் வந்து, “காக்கா, நம்மட ஊரு வரலாறு ஏதாச்சும் இருக்கா?” என்கிறான். “இருக்கு மகன். நீங்க என்ன குடி?” என்று திருப்பிக் கேட்கிறார் கடைக்காரர். தாய்வழியாக வரும் தன் குடி எது என்று பையனுக்குத் தெரியவில்லை. “உம்மாட்டத்தான் கேக்கணும்.” “கேட்டுட்டு வாங்க. அது தெரிஞ்சாத்தான் இந்தப் புத்தகம் ருசிக்கும்.” அப்படிச் சொன்னாலும் அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. இறாக்கையிலிருந்து தடித்த நூலொன்றை இறக்கி, தூசைத் துணியால் துடைத்து, நடுப்பக்கத்தில் விரித்து வைக்கிறார். முன்னுரையைக் காட்டாமல் வாசகருக்குப் பழக்கமான பக்கத்தைக் காட்டுவது அவர் வழக்கம்.

அந்த நூல் பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’. 1964இல் வெளிவந்தது. இப்பகுதிக் கடைக்காரர்களின் பரிந்துரையில் முதலிடம் அதற்கே, அது நியாயமும்கூட. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனையும் நற்பிட்டிமுனையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தவை. ஆகவே மட்டக்களப்பு என்று பெயரிட்ட பழைய நூல்கள் பெரும்பாலும் இந்த ஊர்களையும் சேர்த்தே பேசுகின்றன. தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘இது நமக்கு இல்லை’ என்று வைத்துவிடும் இளைஞர்களுக்குக் கடைக்காரர் முதலில் விளக்க வேண்டியிருப்பது இதைத்தான். கந்தையா நாட்டுப்பாடல், வழிபாடு, பேச்சுவழக்கு, குடிமுறை எல்லாவற்றையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தார். வயலிலும் வீட்டிலும் பாடப்பட்ட கவிகள் இருக்கும் பகுதியைத்தான் கடைக்காரர் விரிப்பார். மூத்தம்மா வாயால் கேட்டதை அச்சில் பார்க்கும் வாசகருக்கு வேறு சிபாரிசு தேவைப்படாது.

அதற்குப் பக்கத்தில் இருப்பது வித்துவான் எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’. ஏட்டுப் பிரதிகளிலிருந்து உருவான இந்நூலில் அரசர் கதைகளும் குடியேற்றக் கதைகளும் கோயில் உரிமைகளும் குடி ஒழுங்குகளும் கலந்து கிடக்கின்றன. ஐதிகமும் வரலாறும் பிரியாமல் இருப்பதால் இதை விற்கும்போது ஓர் எச்சரிக்கை சொல்வது நல்ல கடைக்காரருக்கு வழக்கம்: இதில் உள்ளது அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இப்பகுதி மக்கள் தங்கள் கடந்த காலத்தை எப்படி நினைத்துவைத்தார்கள் என்று வாசிக்க வேண்டும். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட விவரண நூல் இதற்கு நல்ல துணை. நிலம், பயிர், நிர்வாகம் என்று நின்று பேசுவது அது. இரண்டையும் சேர்த்து வாசித்தவர் கதையையும் கணக்கையும் பிரித்தறியப் பழகுவார்.

குடி பற்றிய கேள்விக்கு முழு விடை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயிடம் இருக்கிறது. அவர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து களஆய்வைத் தொடங்கினார். அதன் பெரும் விளைவாக, கிழக்குக் கரையின் தமிழர், முஸ்லிம் சமூகங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பாக 2008இல் வந்தது. தாய்வழியாக வரும் குடி, மகளுக்குச் சீதனமாக எழுதும் வீடு, கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது, குடிவாரியாகக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் பெரியவர்கள் பொறுப்பேற்பது ஆகியவை இரு சமூகங்களுக்கும் எப்படிப் பொதுவாக இருந்தன என்று அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறார். நற்பிட்டிமுனை போன்ற ஊரில் இந்த நூலுக்கு இருக்கும் பெறுமதி பெரியது. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டின் ஒழுங்கும் இப்பாலுள்ள வீட்டின் ஒழுங்கும் ஒன்றே என்று ஆதாரத்தோடு சொல்லும் நூல்கள் மிகக் குறைவு. விலை அதிகம், மொழி ஆங்கிலம். ஆதலால் கடைக்காரர் இதை எல்லாரிடமும் நீட்டுவதில்லை. பல்கலைக்கழகப் பிள்ளை வந்தால் பெயரை எழுதிக் கொடுத்து நூலகத்தில் பார்க்கச் சொல்கிறார். அதனால் கடைக்கு ஒரு சதமும் வராது, ஆனாலும் சொல்கிறார்.

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. பழந்தமிழர் யாழ் எப்படி இருந்தது, அதன் சுருதிகள் எவை என்பதைச் சிலப்பதிகாரத்திலிருந்து கணித முறையில் ஆராய்ந்த ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். ஊர்ப்பெருமைக்காக இதை வாங்கிக்கொண்டு போய் இரண்டு பக்கத்தோடு மூடிவைப்பவர்கள் உண்டு. இசையும் கணக்கும் தெரியாதவருக்கு அது கடினமான நூல்தான். எனவே விபுலாநந்தரின் கட்டுரைத் தொகுப்புகளை முதலில் கொடுத்து, யாழ் நூலைப் பின்னுக்கு வைப்பதே சரியான ஒழுங்கு. மேற்கத்திய அறிவியலையும் சங்கப் பாடலையும் ஒரே நடையில் எழுதத் தெரிந்தவரின் உரைநடை அந்தக் கட்டுரைகளில் தெளிவாகக் கிடைக்கிறது.

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான் கவிஞராகவே பலருக்கு அறிமுகம். பின் இறாக்கையில் அவருக்கு இருக்கும் இடம் வேறு. 1999இல் கல்முனை வாசகர் சங்க வெளியீடாக வந்த ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ ஆசிரியர்களிடம் இன்றும் ஓடும் நூல். பழைய சூத்திரங்களை மனனம் செய்யச் சொல்லாமல், இன்று எழுதப்படும் தமிழை எடுத்துக்கொண்டு அதன் அமைப்பை மொழியியல் நோக்கில் விளக்குகிறது. பத்திரிகை வாக்கியத்தை எடுத்து ஏன் சரி, ஏன் பிழை என்று யோசிக்க விரும்பும் எவருக்கும் இது பயன்படும். இலக்கண நூலை யாராவது விரும்பி வாசிப்பார்களா என்று கேட்பவருக்குக் கடைக்காரர் காட்டக்கூடிய ஒரே இலக்கண நூல் இது என்பது மிகையல்ல. நுஃமான், சி. மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு மூவரும் சேர்ந்து எழுதி 1979இல் வந்த ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ சிறிய நூல். உயர்தரத்தில் தமிழ் எடுக்கும் மாணவருக்கு இதைக் கொடுத்தால் பாடத்துக்கும் உதவும், பாடத்துக்கு வெளியேயும் கொண்டுபோகும்.

முஸ்லிம்களின் வரலாறு பற்றிக் கேட்டு வருபவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலான விவாதத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அந்த மறுப்புக்குள் ஒரு சமூகம் தன்னைப் பிறர் வரையறுப்பதை ஏற்க மறுத்த வேகம் இருக்கிறது. நுஃமான் 2007இல் எழுதிய இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் பற்றிய ஆங்கில நூல் அந்த விவாதத்தைப் பிற்காலத்துக்குக் கொண்டுவருகிறது. தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு எம். எம். உவைஸின் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுகள் உண்டு. சீறாப்புராணத்தைத் தாண்டி முஸ்லிம் புலவர்கள் எத்தனை வகைச் சிற்றிலக்கியங்களைத் தமிழில் படைத்தார்கள் என்பதை அவரைவிட விரிவாகத் தொகுத்தவர் அரிது.

போர்க்கால நூல்கள் பற்றிப் பேசும்போது கடைக்காரரின் குரல் தணிந்துவிடுகிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரு சமூகத்து வாசகர்களும் ஒரே மேசைக்கு முன்னால் நிற்கும் கடையில் இந்த நூல்களைப் பரிந்துரைப்பது பொறுப்பான வேலை. ராஜனி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் நால்வரும் எழுதிய ‘முறிந்த பனை’ எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவுசெய்ததால் முதலில் வைக்கத் தக்கது. நூல் அச்சாகி முடியுமுன், 1989 செப்டம்பரில் ராஜனி சுட்டுக் கொல்லப்பட்டார். சி. புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ (2003), தமிழினி மறைந்த பின் 2016இல் வந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ இரண்டும் இயக்கங்களுக்குள் இருந்தவர்கள் எழுதியவை. ஒன்றை மட்டும் கேட்பவரிடமும் இரண்டையும் வாசிக்கச் சொல்வது நல்லது. தொடக்ககாலத்தில் நம்பிப் போனவரின் நினைவும் இறுதிவரை நின்றவரின் நினைவும் ஒன்றையொன்று திருத்துகின்றன.

தமிழ்நாட்டு நூல்களில் தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ இங்கே நன்றாகப் போகிறது. உப்பு, உணவு, உடை, திருவிழா என்று கையில் தொடக்கூடிய பொருள்களிலிருந்து வரலாறு எழுதியவர் அவர். இளையான்குடியில் முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரியில் பாடம் சொன்னவர் என்பதால் தமிழ் முஸ்லிம் வாழ்வும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. கட்டுரைகள் இரண்டு மூன்று பக்கம்தான் என்பதால் வாசிப்புப் பழக்கம் விட்டுப்போனவருக்கும் ஏற்றவை. அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ பரிசளிப்பு விழாக்களுக்குக் கட்டுக் கட்டாக வாங்கப்படுகிறது. இராமேஸ்வரத்தில் படகுக்காரரின் மகனாகப் பிறந்த பிள்ளையின் கதை கல்முனைக் கடற்கரைப் பிள்ளைக்கு எட்டாத கதையல்ல. நாகலட்சுமி சண்முகம் மொழிபெயர்த்த யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ நூலை வாங்கிச் சென்று மறுவாரம் சண்டைக்கு வருபவரும் உண்டு. அப்படி வருபவரையே கடைக்காரருக்குப் பிடிக்கிறது. முழுதாக வாசித்தவர்தான் சண்டைக்கு வருவார்.

இந்திய நூல்கள் சென்னையிலிருந்து கொழும்பு இறக்குமதியாளர் வழியாக வருகின்றன. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது இந்த இறாக்கைதான் முதலில் அடிபட்டது. 300 இந்திய ரூபாய் விலையுள்ள நூல், நாணய மாற்றில் மட்டும் ஏறத்தாழ 800 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயளவுக்கு ஏறியது. அதன்மேல் ஏற்றுக்கூலியும் இலாபமும். அந்த ஆண்டு தாள் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அப்போது பரீட்சை வழிகாட்டியை வாங்குவதா கட்டுரைத் தொகுப்பை வாங்குவதா என்ற கேள்விக்கே வீடுகளில் இடமில்லை.

விலையை விட்டால் அடுத்த எதிரி ஈரம். மாரி காலத்தில் வாடைக் காற்றோடு வரும் உப்பு ஈரம் தாளைப் பழுப்பாக்கிப் பூஞ்சணம் பிடிக்க வைக்கிறது. இராமபாணப் பூச்சி பசையைத் தின்கிறது. இறாக்கையைச் சுவரோடு ஒட்டாமல் விரற்கடை விட்டு வைப்பது, நெருக்கி அடுக்காமல் காற்றோட விடுவது, பூச்சி உருண்டை போடுவது, வெயில் வந்த நாளில் பழைய பிரதிகளை விசிறி விரித்துவைப்பது ஆகியன கடையில் வேலைசெய்யும் பையன்கள் முதலில் கற்கும் பாடம். 2004 டிசம்பரில் கடல் ஏறியபோது கரையோர வீடுகளில் இருந்த புத்தகங்களும் போயின. இப்போது கிடைக்காத நூல்களைத் தேடி வருபவருக்கு, 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தின் முகவரியைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

உள்ளூர் எழுத்தாளரின் நூல்கள் இறாக்கைக்கு வரும் வழி தனி. எழுத்தாளர் சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்து வெளியீட்டு விழா வைக்கிறார். முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் பெற்றுக்கொள்ள, சிறப்புப் பிரதிகளை விருந்தினர்கள் வாங்க, அச்சுச் செலவில் ஒரு பகுதி அன்றே திரும்புகிறது. மீந்தவை கட்டாகக் கடைக்கு வருகின்றன. விற்றால் கழிவு போக மீதி எழுத்தாளருக்கு. விற்காவிட்டால் கட்டு அப்படியே இருக்கும். ஊர் வரலாறு, பள்ளிவாசல் வரலாறு, பாடசாலை மலர், ஆசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்பு என்று வரும் இவற்றில் பல வேறெங்கும் கிடைக்காத தகவல்களைக் கொண்டவை. கடைக்காரர் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியை விற்பனைக்கு வைக்காமல் உள்ளே எடுத்து வைக்கிறார். ஆய்வுக்காக வரும் பிள்ளைகள் அவற்றைக் கடையிலேயே இருந்து குறிப்பெடுக்கலாம், வேண்டிய பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் அனுமதியில்லை.