மாதிரி நகங்களும் மறைத்த விரல்களும்

எங்கள் அம்மா காலத்தில் நகப்பூச்சு, நெயில் பாலிஷ் என்றெல்லாம் யாரும் சொன்னதில்லை. எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் அதற்குப் பெயர் 'க்யூடெக்ஸ்'தான். அமெரிக்காவில் 1911-ல் நகத்தோரத் தோலை நீக்கும் திரவத்துக்கு வைத்த பெயர் அது. பிறகு அதே பெயரில் நகச்சாயமும் வந்தது. நம் நாட்டில் 1952-ல் லக்மே தொடங்கிய பிறகும், நம் பெண்கள் வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது. அப்போது கடைக்குப் போனால் சிவப்பு, ரோஸ், மெரூன் என்று நாலைந்து பாட்டில் இருக்கும். ஒன்றை எடுத்து வந்தால் தீபாவளிக்குத் தீபாவளி ஓடும்.

இன்றைக்கு அப்படியா? சிவப்பிலேயே இருபது சிவப்பு. போதாததற்கு நகத்தில் பூ, புள்ளி, கல், ஜிகினா என்று சித்திர வேலை வேறு. வாங்குகிறவளுக்கும் குழப்பம், பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கும் குழப்பம். இதை நான் அருகிலிருந்து பார்த்தது என் நாத்தனார் மகளால்.

திருச்சி உறையூரில் வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறாள். அவள் கணவரின் கடையை மூடும்படி ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம் இந்த அறையிலிருந்துதான் வர வேண்டும். ஆரம்பத்தில் பாட்டில்களைக் கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கி வைத்திருந்தாள். வருகிறவர்கள் பாட்டிலைப் பார்த்துக் கை காட்டுவார்கள். பூசி முடித்ததும், "பாட்டில்ல பார்த்த கலர் இது இல்லியே!" என்பார்கள். துடைத்துவிட்டு வேறு பூச வேண்டும். பூச்சும் ரிமூவரும் வீண், அரைமணி நேரமும் வீண்.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண்ணுக்கு அரக்குப் பட்டு. பாட்டிலில் அச்சாக அரக்காகத் தெரிந்தது, நகத்தில் பளிச்சென்று ரத்தச் சிவப்பாக விழுந்தது. பேச்சு தடித்து, பாதிப் பணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று இரவு, "அத்தை, இந்த மாசம் பீஸை எப்படிக் கட்டப் போறேன்னே தெரியலை" என்று என் எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

இதில் அவள் மேலும் தப்பில்லை, வந்தவர்கள் மேலும் தப்பில்லை. பாட்டிலுக்குள் பூச்சு கெட்டியாக நிற்கிறது. வெளிச்சம் ஊடுருவாததால் நிறம் அடர்த்தியாகத் தெரிகிறது. நகத்தில் அது மெல்லிய இரண்டு பூச்சு. அடியிலிருக்கும் நகத்தின் இளஞ்சிவப்பும் கலந்து தெரியும். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். பட்டுப் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துத்தானே நாம் வாங்குகிறோம்? நகப்பூச்சுக்கும் அதே நியாயந்தான்.

ஆகவே இருவரும் உட்கார்ந்து மாதிரி நகங்கள் செய்தோம். 'டிப்ஸ்' என்று பிளாஸ்டிக் நகங்கள் பெட்டியாகவே விற்கின்றன. 0 முதல் 9 வரை பத்து அளவுகள் இருக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு நகம். விரலில் பூசுவது போலவே அடிப்பூச்சு, நிறம் இரண்டு முறை, மேலே பளபளப்புப் பூச்சு. மாதிரியில் மூன்று முறை பூசிவிட்டு, வருகிறவர்களுக்கு இரண்டு முறை பூசினால் மறுபடியும் சண்டைதான். காய்ந்ததும் ஐஸ் குச்சியின் நுனியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினோம். குச்சியின் பின்னால் ஓர் எண், பாட்டிலின் அடியில் அதே எண். தீர்ந்துபோன நிறத்தின் குச்சியை அன்றே எடுத்துவிட வேண்டும். இல்லாத சரக்கைக் காட்டினால் கேட்டவர் முகம் வாடிப் போகும்.

சித்திர வேலைக்குத் தனி அட்டை. அவளுக்குக் கை பழகிய வேலைகளை மட்டுமே வைத்தோம். ஒவ்வொன்றின் கீழும் எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு பணம் என்று எழுதினோம். கூச்சப்பட்டு விலை கேட்காமலே எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர்! வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் மாதிரிகளை மூடிபோட்ட டப்பாவில் வைத்து, பார்க்கும்போது மட்டும் ஜன்னலோரம் எடுத்து வருவது வழக்கமாயிற்று. குச்சியை அவரவர் நகத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். நம் மாநிறக் கைக்கு எது எடுக்கும் என்று அட்டைப் படத்தைவிட அது நன்றாகச் சொல்லும்.

தகராறு நின்றது. ஆனால் சித்திர அட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. ஏன் என்று புரியவில்லை.

புருவம் திருத்த வந்த ஒரு பெண் அந்த அட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்ததும் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நீளமா நகம் வெச்சிருக்கறவங்களுக்குங்க. நான் மாவு பிசையறவ, பாத்திரம் தேய்க்கறவ" என்றாள்.

அப்போதுதான் அட்டையைச் சரியாகப் பார்த்தேன். எல்லாம் அரை விரல் நீள நகங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள், அரிசி களைகிறவள், தினமும் துணி கசக்குகிறவள் இவர்களில் ஒருத்தியின் நகமாவது அப்படி இருக்குமா? எங்கள் மாதிரியே, 'இது உனக்கில்லை' என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் பிளாஸ்டிக் நகங்களை நகவெட்டியால் குட்டையாக, நம் வீட்டு நகம் போல வெட்டி, ஓரத்தை ராவி, வேறு அட்டை செய்தோம். குட்டை நகத்துக்கு நிறைய வேலை தாங்காது. அடியில் ஒரு கோலப்புள்ளி, ஓரத்தில் மெல்லிய கோடு, மருதாணித் தொப்பி போல நுனியில் மட்டும் செம்பழுப்பு, அவ்வளவுதான். அடுத்த தடவை அந்தப் பெண் வந்தபோது மெரூனில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். பூசி முடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல், தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று அந்தப் பார்லரில் அதிகம் கேட்கப்படுவது குட்டை நக அட்டைதான்.

அந்த அட்டையின் கடைசியில் பூச்சே இல்லாத ஒரு வெறும் நகமும் இருக்கிறது. அதன் கதையையும் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நகம் சதையைவிட்டுத் தூக்கிக்கொண்டு, பச்சையாக நிறம் மாறியிருந்த ஓர் அம்மாள், "மறைக்கிற மாதிரி நல்லா கனமா ஏதாவது போட்டுவிடு" என்று கேட்டார். இவள், "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். "வர்ற லட்சுமியைத் திருப்பி அனுப்பறியே" என்று மாமியார் கடிந்துகொண்டார். ஆனாலும் அவள் செய்ததுதான் சரி. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லி மீட்டர்தான் வளரும். ஒரு நகம் முழுதாகப் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம், கால் கட்டைவிரல் என்றால் ஓராண்டுக்கும் மேல். மூடி மறைத்த நோய் அத்தனை காலமும் உள்ளேயே வளரும். அந்த வெறும் நகத்தின் கீழ், 'இவர்களுக்கு இப்போது வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாள்: நகம் தூக்கியிருப்பவர், நிறம் மாறியவர், நகச்சுற்று வந்தவர், ஆபரேஷனுக்குப் போகிறவர்.

நீங்கள் பார்லருக்குப் போனால் இவற்றை மனத்தில் வையுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் உங்கள் விரலிலேயே வைத்துப் பாருங்கள். அடிப்பூச்சு போடச் சொல்லுங்கள். அடர்ந்த நிறங்கள் நகத்தை மஞ்சளாக்குவதை அது தடுக்கும். நகத்தோரத் தோலை வெட்ட விடாதீர்கள், கிருமி நுழையாமல் காக்கும் கதவு அது. விளக்கொளியில் இறுக வைக்கும் ஜெல் பூச்சு, இறுகுவதற்கு முன் தோலில் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும். அத்தகைய ஜெல்களில் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. சாதாரணப் பூச்சு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கோ, விரலில் ஒன்றும் தெரியாமல், கை படுகிற கண்ணிமையிலும் கழுத்திலும் அரிப்பு வரலாம். காரணம் தெரியாமல் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

வீட்டில் பூசிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூச்சும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிப்பவை. அடுப்பருகிலும், சாமி விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். ரிமூவர் பாட்டில் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுகியபடி இருக்கட்டும்.

பிள்ளைகளின் பள்ளிப் பணத்தை இந்த வருஷம் அவள் தவணை தவறாமல் கட்டிவிட்டாள். இப்போது கால் நகத்துக்கு ஓர் அட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது. பித்தவெடிப்புள்ள காலுக்கும் பொருந்துகிற நிறங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.