காந்தி மார்க்கெட்டிலிருந்து கடல் கடந்த மணி

மலைக்கோட்டையின் மேல் வானம் வெளுப்பதற்கு முன்பே திருச்சி காந்தி மார்க்கெட்டில் பொழுது விடிந்துவிடுகிறது. ஊட்டி கேரட்டும் ஒட்டன்சத்திரத்துக் காய்களும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் லாரிகளிலிருந்து இறங்குகின்றன. மூட்டை சுமப்போர், "சாமி, வழி!" என்று குரல் கொடுத்து நம்மையும் ஓரங்கட்டிவிடுகின்றனர். முதல் உலகப் போருக்குச் சென்ற இப்பகுதி வீரர்களின் நினைவுச் சின்னத்தருகே நாம் காணும் காட்சி ஒன்று இருந்தது. நமது பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் கூடையுடன் வருவார். அவருக்கு நான்கடி பின்னால் பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று வரும். அதன் பெயர் மணி.

கணவர் மறைந்தபின் அவ்வீட்டில் அம்மையாருக்குத் துணை அந்த நாய் ஒன்றுதான். ஒருநாள் அவர் நம்மிடம், "சாமி, ஜெர்மனியிலிருந்து மகன் கூப்பிடுகிறான். இனி அங்கேயே வந்து இருந்துவிடு என்கிறான். இதை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?" என்று கேட்டார். நாமோ சற்றும் சிந்தியாமல், "ஒரு நாய்க்காகவா அம்மா இத்தனை கவலை? யாரிடமாவது கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்" என்றோம். அருகிலிருந்த வாழையிலைக்காரப் பெண்மணி நம்மை ஏறிட்டுப் பார்த்து, "ராத்திரியில் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது குரைத்து எங்களை எழுப்பியது அதுதான் சாமி" என்றாள். நாம் வாயடைத்துப் போனோம்.

அன்று வீடு திரும்பியதும் தோபித்து நூலை எடுத்தோம். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்பட்டபோது அவனது நாயும் உடன் சென்றதாக அந்நூல் கூறுகிறது. எத்தனையோ திருமணங்களில் அந்நூலிலிருந்து வாசித்திருக்கிறோம். ஆயினும் அந்த நாயை நாம் ஒருமுறையேனும் கவனித்ததில்லை! மறுநாளே அம்மையாருக்காக விவரம் திரட்டத் தொடங்கினோம்.

இந்த மார்க்கெட்டுக்கு வரும் காய்கறிகளைப் போன்றவை தாவர நலச் சான்று பெற்று, திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரே இரவில் சிங்கப்பூர் சேர்ந்துவிடுகின்றன. நாயின் பயணமோ அவ்வாறன்று. திருச்சியிலிருந்து புறப்படும் விமானங்களில் பல குறைந்த கட்டணத்தில் இயங்குபவை. அவற்றுள் செல்லப்பிராணிகளை ஏற்காதனவும் உண்டு. மேலும், நாயை வெளிநாடு அனுப்ப நடுவணரசின் விலங்கு நோய்த்தடுப்பு நிலையத்தார் சான்றளிக்க வேண்டும். நமக்கு அந்நிலையம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ளது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி படிப்படியானது. முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசிமணி போன்ற மின்னணுச் சில்லு ஒன்றைப் பொருத்த வேண்டும். அதில் 15 இலக்க எண் இருக்கும். அதன் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி. சில்லுக்கு முந்திப் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாளேனும் சென்றபின் இரத்தம் எடுத்து, ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பாற்றலேனும் இருந்தால்தான் தேர்ச்சி. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆக, நான்கு மாதங்களுக்குக் குறைந்து எவரும் புறப்பட இயலாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று சிலர் சினங்கொள்வர். வெறிநோயால் உலகில் மாள்வோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நம் நாட்டினர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குன்னூரில் 1907-ஆம் ஆண்டே பாஸ்டர் நிலையம் எழுந்தும் அந்நோய் இன்னும் நம்மை விட்டகலவில்லை. சிங்கப்பூர் 1953 முதல் அந்நோயின்றி வாழ்கிறது. பிரிட்டன் 2000-ஆம் ஆண்டு வரை வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் தனித்து வைத்தது. ஆஸ்திரேலியா இன்றும் நம் நாட்டிலிருந்து நேரே வரும் நாயை ஏற்பதில்லை. அவர்கள் காப்பது தம் பிள்ளைகளை அல்லவா?

விதி தளர்ந்த வேளையும் உண்டு. 2022-இல் உக்ரைன் போரிலிருந்து நம் மாணவர்கள் தப்பி வந்தபோது, கேரள மாணவி ஒருத்தி தன் நாயைக் கைவிடாமல் எல்லை கடந்தாள். அவ்வாறு வந்தோரின் பிராணிகளுக்கு நடுவணரசு ஒருமுறைச் சலுகை அளித்தது.

அம்மையார் காத்திருக்க இசைந்தார். அம்மாதங்களில் செய்த முக்கியமான வேலை, மணியைக் கூண்டுக்குப் பழக்கியதே. நாய் தலை நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டு வேண்டுமென்பது உலக விமானப் போக்குவரத்து விதி. அதனுள் இடுவதற்குத் துணியும், தண்ணீர்க் கிண்ணமும் வாங்க மார்க்கெட் பக்கம் அம்மையாருடன் சென்றோம். தள்ளுவண்டியில் கூண்டைக் கண்ட சுமைக்காரர், "சாமி, புலி பிடிக்கவா?" என்று கேட்க, கடைவீதியே சிரித்தது. கூண்டின் கதவைத் திறந்தே வைத்து, அம்மையாரின் பழஞ்சேலையை உள்ளே விரித்தோம். மூன்றாம் வாரம் மணி தானாகவே அதனுள் உறங்கிற்று.

மருத்துவர் கூறிய அறிவுரைகளை வாசகர்களும் குறித்துக் கொள்ளலாம். தூக்க மருந்து கொடுக்கலாகாது. வானில் அது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கெடுக்கக்கூடும். புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டலாகாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும் பாரசீகப் பூனைகளையும் சரக்கறையில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. அவற்றுக்கு மூச்சுத் திணறல் எளிதில் வரும். சில மாத விருந்தாகச் செல்வோர் பிராணியை அலைக்கழிக்காமல், பழகியவரிடம் விட்டுச் செல்வதே மேல். நம் ஆசைக்காக அழைத்துச் செல்கிறோமா, அதன் நலனுக்காகவா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் மணிக்கு உடல்நலம் போதுமென்றார். பள்ளிக்கரணைச் சான்று கைக்கு வந்தது; அது பத்து நாட்களுக்கே செல்லும். சென்னையிலிருந்து ஏறத்தாழ பத்து மணி நேரம் பறந்து பிராங்க்ஃபர்ட் சேர்ந்தனர். காற்றழுத்தமும் வெப்பமும் காக்கப்பட்ட சரக்கறையில் மணி, மேலே உறக்கமின்றி அம்மையார்.

"இறங்கியதும் என் கையை நக்கியது சாமி. அதன் பிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன்" என்று தொலைபேசியில் கூறினார். அவ்வூரில் நாய்க்கும் நகராட்சி வரி கட்ட வேண்டுமாம். பனியைக் கண்டால் மணி வாசற்படி தாண்டுவதில்லையாம்.

இன்றும் நாம் மார்க்கெட்டுக்குச் சென்றால் வாழையிலைக்காரப் பெண்மணி கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "சாமி, மணி எப்படி இருக்கிறது?" அதற்குப் பிறகே அம்மையாரின் நலம் விசாரிக்கிறாள். ஒருகாலத்தில் நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். இப்போது இரண்டு கேள்விகளுக்கும் முறைப்படி விடை சொல்லிவிட்டே நகர்கிறோம்.