ஆப்பியஸின் நேர்கோடு

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தைத் தமிழில் வாசித்தவர்களுக்கு அப்பியுபுரம், மூன்று சத்திரம் என்ற பெயர்கள் நினைவிருக்கலாம். கைதியாக ரோமுக்கு வந்த பவுலைச் சகோதரர்கள் எதிர்கொண்டு வந்து சந்தித்த இடங்கள். நம்மூர்ச் சாவடிகள் மாதிரி ஒலிக்கும் இவை இரண்டும் வியா ஆப்பியா சாலையில் இருந்த தங்கல்கள். அப்பியு என்பது கி.மு. 312இல் அந்தச் சாலையைத் தொடங்கிய ஆப்பியஸ் கிளாடியஸின் பெயர். தெற்கே சாம்னைட் இனத்தாரோடு ரோமுக்குச் சண்டை. படை சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். அதனால் வழியில் எந்த ஊர் இருக்கிறது என்று சாலை பெரிதாகப் பார்க்கவில்லை.

ரோமின் சான் செபாஸ்தியானோ வாசலைத் தாண்டினால் இரு பக்கமும் கல்லறைகள். நகருக்குள் புதைக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். வசதியுள்ளவர்கள் சாலையோரத்தில் இடம் பிடித்தார்கள்; செத்த பிறகும் நாலு பேர் கண்ணில் பட வேண்டுமே! சாலையின் அகலம் சுமார் 4 மீட்டர், எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகலாம். எரிமலைக் கருங்கல் பாளங்களில் சக்கரம் தேய்த்த பள்ளம் இன்னும் விரல் நுழையும் ஆழத்தில் இருக்கிறது.

அல்பன் குன்றுகள் இறங்கியதும் பொந்தினோ சதுப்பு. அங்கே தெராச்சினா வரை ஏறக்குறைய 40 கி.மீ. வளைவே இல்லை. பக்கத்திலேயே ஒரு கால்வாய். பயணிகள் இரவில் கோவேறு கழுதை இழுக்கும் படகில் போனார்கள். அப்படிப் போன கவிஞர் ஹொரேஸ், கொசுவும் தவளையும் தூங்கவிடவில்லை என்று எழுதிவைத்தார். படகுக்காரன் மட்டும் கழுதையைக் கல்லில் கட்டிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டானாம்.

தெராச்சினாவில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. சாலை அங்கே மூச்சுவாங்க மேலேறித்தான் போக வேண்டியிருந்தது. நானூறு ஆண்டுகள் கழித்துப் பேரரசர் டிராஜன் காலத்தில் பாறையின் அடியைச் செங்குத்தாக வெட்டி வழி விட்டார்கள். உச்சியிலிருந்து பத்துப் பத்து அடிக்கு ஓர் எண்ணைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கீழே, சாலை மட்டத்தில், 120. எவ்வளவு வெட்டினோம் என்று வேலைக்காரர்களே மலையில் எழுதிய கணக்கு. என்னைக் கேட்டால், ரோமில் நிற்கும் வெற்றி வளைவுகளைவிட இது பெரிய நினைவுச்சின்னம்.

காப்புவாவில் நின்றால் மனம் கனக்கிறது. அடிமைகளின் கலகத்தை நடத்திய ஸ்பார்ட்டகஸ் தப்பியோடிய கிளாடியேட்டர் பள்ளி இருந்த ஊர். கி.மு. 71இல் கலகம் அடங்கியதும், பிடிபட்ட 6,000 பேரை இங்கிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் அறைந்தார் ரோமத் தளபதி கிராஸஸ். அதே சாலையில், ஏறக்குறைய 200 கி.மீ. தூரத்துக்கு.

பெனவெந்தோவில் டிராஜன் வளைவு நிற்கிறது. அங்கிருந்து பிரிண்டிசிக்குச் சுலபமான வேறொரு சாலையை அவர் போட்டுவிட்டதால் பழைய ஆப்பியாவுக்கு மவுசு குறைந்தது. வெனோசா, தாரந்தோ பக்கம் அது பல இடங்களில் வயலுக்கடியில் போய்விட்டது. சில இடங்களில் ஆட்டுமந்தை நடந்த தடமாகப் பிழைத்தது. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சாலை முடியும் பிரிண்டிசித் துறைமுகத்துக்கு மேலே, படிக்கட்டின் உச்சியில் இரண்டு பளிங்குத் தூண்கள் இருந்தன. 1528இல் ஒன்று சரிந்தது. அதன் துண்டுகள் பக்கத்து ஊரான லெச்சேக்குப் போய், அங்கே ஒரு புனிதரின் சிலையைத் தாங்குகின்றன. 1870 முதல் சூயஸ் வழியாக இந்தியாவுக்கான ஆங்கிலேயரின் தபால் மூட்டைகள் இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறின. அப்போதும் படிக்கட்டின் மேலே ஒரு தூணும், பக்கத்தில் ஒரு வெற்றுப் பீடமும்தான்.