பின்கண்ணாடிக் கோடுகள்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் எழுதியிருந்தார். விடுதிக் குறும்புகளையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் எழுத வல்ல பழைய மாணவர் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டு, யான் ஒரு மோட்டார்க் காரின் பின்கண்ணாடியைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

அக் கார் 1967ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. இக் கல்லூரியிற் கற்ற என் தமையனார் இங்கிலாந்தில் இரவு வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. எம்மூரில் கார்க் கண்ணாடிக்குப் புழுதியே பகை. அங்கேயோ மாரி காலத்தில், உள்ளிருப்போர் மூச்சின் நீராவி குளிர்ந்த கண்ணாடியிற் படிந்து, பின்னால் வருவது யாதென்று அறியாவண்ணம் மறைத்துவிடும். ஆதலின் 1972ஆம் ஆண்டு மாரியில் அவர் ஒட்டும் உலோகத்தாட் கீற்றுக்களை வாங்கித் தம் கையாலேயே கண்ணாடியின் உட்புறம் ஒட்டி, மின்கம்பி தொடுத்தார். எட்டுக் கோடுகள், மேலிருந்து மூன்றாவது சற்றே சரிந்தது. சரிந்ததென அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டாரல்லர்.

பௌதிக வகுப்பிலே கற்ற கணக்கு இங்கே பயன்படும். 12 உவோற்றில் 60 உவாற்று உண்ணும் கீற்றுக்கள் 5 அம்பியர் கேட்கும். அவ் வண்டியின் லூக்காஸ் டைனமோ தருவதோ ஆகக்கூடியது 22 அம்பியர். எஞ்சின் மந்தமாக ஓடும்போது அதுவும் இல்லை. விளக்கும் துடைப்பானும் சேர்ந்தால் பற்றரியின் பாடு திண்டாட்டமே.

தமையனார் காலமான பின் வண்டி பேரனுக்கு என்றாயிற்று. கோடுகளோ மின்னோட்டம் அற்றுப் பல்லாண்டுகள். இடையிடையே கிழிந்து சுருண்ட தாள், இரவிலே பின்வரும் வண்டிகளின் ஒளியைச் சிதறடித்தது. அகற்றுவதே முறை. ஆயினும் அண்ணியாரைக் கேளாது அலகை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வந்து, சரிந்த கோட்டினை விரலாற் தடவிப் பார்த்து நெடுநேரம் நின்றார்.

"எடுத்துவிடுங்கோ தம்பி. பிள்ளைக்குப் பின்னாலை வாறது தெரியவேணும்" என்றார்.

தலைமயிர் உலர்த்தும் கருவியினால் கண்ணாடியை மெல்லச் சூடாக்கி, கீற்றின் நுனியைக் கிளப்பி, மடக்கிப் பதமாக இழுத்தால் பெரும்பகுதி உரிந்துவரும். எஞ்சிய பசையை மெதிலேற்றிட் ஸ்பிரிற்றில் ஊறவிட்டு, சவர்க்கார நீர் தெளித்து, புதிய சவர அலகைக் கண்ணாடியோடு படியச் சாய்த்துத் தள்ளவேண்டும். உலர்ந்த கண்ணாடியில் அலகு படுமாயின் கீறல் நிச்சயம். இஃது வன்மையூட்டிய கண்ணாடி. ஆழமாகக் காயம்பட்டால் முழுதுமே சிறு துண்டுகளாகச் சிதறும்.

பிற்காலக் கார்களிற் கதை வேறு. அவற்றில் வெள்ளிக் குழம்பினால் அச்சிட்டுச் சூளையிற் சுட்ட கோடுகள். உலோகத்தைச் சுரண்டினாலும் கண்ணாடிக்குள் ஊறிய வெள்ளி பழுப்பு நிழலாக எஞ்சும். 14ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியத் தேவாலயச் சாளரங்களில் மஞ்சள் வண்ணம் தீட்டியதும் வெள்ளியின் இக் குணத்தைக் கொண்டே. அத்தகைய கறையை நீக்கச் சீரியம் ஒட்சைட்டுக் கொண்டு பலமணி நேரம் மெருகிடவேண்டும்.

எனக்கு அத்தனை பாடில்லை. இரு பிற்பகல்கள் போதுமாயின. உரித்தவற்றை அண்ணியார் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் இட்டு உள்ளே கொண்டுசென்றார். புகார் துடைக்கவென ஒரு பருத்தித் துணியைப் பேரன் பின்னிருக்கையில் வைத்திருக்கின்றான்.